பூசிய வரப்பு

புதிதாகப் பூசிய வரப்பில் ஆடு ஏறினால்கூட என் கணவர் போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நடவுக்கு முன் வரப்பின் ஓரங்களைச் செதுக்கி, சேற்றை வழித்து மெழுகிவிடுவோம். மேலே பளபளவென்று இறுகியதுபோல் இருக்கும். உள்ளே வெறும் சேறு. அது அவருக்குத் தெரியாததா? தெரிந்தும், குறுவை நடவன்று மடை உடைத்துக்கொண்டது என்று குரல் கேட்டதும், தானே பூசிய வரப்பில் ஏறி ஓடினார். வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மன்னார்குடியில் மாவுக்கட்டு போட்டார்கள். வீட்டில் பின்கதவுக்கு நேரே கட்டிலைப் போட்டேன். அங்கிருந்து வயல் தெரியும். அது அவருக்கு ஆறுதலா தண்டனையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நடவுக்கு வந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, எங்களை எல்லாம் ஏறாத ஏறாதன்னு கத்துவீங்க. ஒங்க காலுக்கு மட்டும் தனி வரப்பா?"

சிரித்தார். அவள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய அப்பா கூலிக்கு இறங்கிய நிலம் அது. இப்போது எங்களுடையது. குத்தாலத்திலிருந்து பார்க்க வந்த என் அண்ணன், காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இனிமே சேத்துல எறங்குறதெல்லாம் ஆவாது மாப்ள. குறுவை அறுத்ததும் தாளடிக்கு நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு நிம்மதியா இருங்க."

"பாப்போம்" என்றார் இவர். அந்த ஒரு சொல்லோடுதான் மழைக்காலம் வரை வாழ்ந்தோம்.

பயிர் பச்சை பிடித்தது, தூர் கட்டியது. கண்ணுக்குத் தெரிந்தது. மாவுக்கட்டுக்குள் நடப்பதுதான் தெரியவில்லை. உடம்பு தன் வேலையை நம்மிடம் சொல்லிக்கொண்டா செய்கிறது?

ஒருநாள் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துக் காட்டினார். முறிவைச் சுற்றிப் பனிமூட்டம்போல் ஒரு வெளுப்பு.

"கூடிருச்சா டாக்டர்?"

"கூடுது. இளசா வளந்து ரெண்டு முனையையும் புடிச்சிருக்கு. இன்னும் இறுகல. இப்ப பாரம் வெச்சா அவ்ளோதான்."

களையெடுப்பு நடந்த ஒரு காலையில், அவர் கதவு நிலையைப் பிடித்து எழுந்து, கட்டுப்போட்ட காலை ஊன்றப் பார்த்தார். அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். அழுகைதான் வந்தது. வாயில் வந்தது வேறு.

"பூசுன வரப்புல ஆடு ஏறுனா என்னங்க சொல்வீங்க?"

என்னையே பார்த்தார். மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

கதிர் பழுக்கும் சமயத்தில் கட்டைப் பிரித்தார்கள். தோல் வெளிறி, சதை வற்றி, அது வேறு யாருடைய காலோபோல் இருந்தது. நடந்து பழகச் சொன்னார் டாக்டர். முறிந்த இடத்தில் கைக்குத் தட்டுப்படுகிற மேடு தேய்ந்து வடிவத்துக்கு வர வருஷங்கள் ஆகுமாம்.

அறுவடை மெஷின் போன பிறகு, தடியோடு வயலுக்கு வந்தார். அதே வரப்பு. புல் மூடிக் கிடந்தது. தடியால் ஒருமுறை தட்டினார். பிறகு தடியை என்னிடம் நீட்டிவிட்டு, முறிந்த காலைத்தான் முதலில் வைத்தார். பிடிக்கப் போன கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். வரப்பு தாங்கியது. கால் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே தாங்கியது.

மறுமுனை வரை போய் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"ஒங்க அண்ணனுக்குப் போன் போடு. தாளடி நாந்தான் நடுறேன்னு சொல்லு."