ஊர்சுற்றிய தலை

என் அத்தானின் தலை போய்ப் படுக்காத ஸ்கேன் அறை கிடையாது. ஏதோ வியாதிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. என் அக்காவின் புருஷனான அவர் டவுன் பஸ் டிரைவர், நான் எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட்டுகிறவள். நீயும் டிரைவர் நானும் டிரைவர், உன் வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே கத்துகிறது என்று கேலி செய்வார். இரண்டு வருடமாகிறது அவர் போய். மாரடைப்பு, நின்றவாக்கில் போய்விட்டார். இன்றைக்கும் மெஷினுக்குள் ஒரு ஆள் அசையாமல் படுத்திருந்தால் அவர் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் மூளைப் பிரிவுக்கு ஒரு பேராசிரியை இருந்தார். மறதி நோய் வந்தவர்களின் மூளை எப்படிச் சுருங்குகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு ஆஸ்பத்திரி நோயாளிகள் போதவில்லை என்று வேறு சில ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துக்கொண்டார். வினை அங்கேதான் வந்தது. ஒரே மூளையை இரண்டு மெஷினில் படம் எடுத்தால் இரண்டு அளவு வரும். அந்த ஒரே படத்தை இரண்டு சாப்ட்வேரில் போட்டால் அதற்கும் இரண்டு அளவு. ஓரத்தில் மங்கலாகத் தெரிகிற விளிம்பை ஒன்று கணக்கில் சேர்க்கும், இன்னொன்று வேண்டாம் என்று தள்ளிவிடும். ஒரே உடம்புக்கு ஒரு டெய்லர் தொளதொளவென்றும் இன்னொரு டெய்லர் பிடித்தாற்போலவும் அளவெடுப்பதில்லையா, அந்தக் கதைதான். எந்த மெஷின் கூட்டிச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. ஆரோக்கியமான சில பேரைப் பிடித்து, அவர்களையே எல்லா மெஷினிலும் மாற்றி மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊர்சுற்றித் தலைகள்.

கேட்க சுலபமாக இருக்கும். கூண்டு மாதிரி ஒன்றைத் தலைக்கு மாட்டி, காதில் பஞ்சை அடைத்து, குழாய்க்குள் தள்ளினால் பாதிப் பேருக்கு மூக்கு அரிக்கும், மீதிப் பேருக்குக் கடவுள் ஞாபகம் வரும். கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அசையாத ஆள் வேண்டும் என்று பேராசிரியை கேட்டபோது எனக்கு ஒரே ஒரு முகம்தான் தோன்றியது. வீட்டில் தீப்பிடித்தாலும் பேப்பர் படித்து முடித்துவிட்டு எழுந்திருக்கிற மனிதர் எங்கள் அத்தான்.

தலைக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். இருந்தால் என்னையும் கூப்பிட்டுக் காட்டு என்றாள் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசாததையெல்லாம் சேர்த்துத் தானே பேசித் தீர்க்கிறவள் அவள்.

மனிதர் மரக்கட்டை மாதிரி படுத்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு தன் ரூட்டில் பஸ்ஸை ஓட்டுவதாகச் சொன்னார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிறுத்தி, ஆள் ஏற்றி, விசில் கேட்டபிறகு எடுப்பாராம். கடைசி ஸ்டாப் வருவதற்குள் நாங்கள் வெளியே இழுத்துவிட்டால் அவருக்கு மனசே ஆறாது.

முதல் வருட முடிவில் பேராசிரியை ஊர்சுற்றித் தலைகள் எல்லோருக்கும் நன்றியாக அவரவர் மூளைப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். கீழே சின்ன எழுத்தில் அளவுகள். அத்தான் அதைக் கொண்டுபோய்க் கூடத்தில் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் இது என்ன காலிபிளவரா என்று கேட்கிறார்கள் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அதைக் கழற்றவில்லை. அந்தப் பெருமைக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அவருடைய அண்ணன் மறதி நோயில்தான் போனார். குளிப்பாட்டி, சோறூட்டி, எல்லாம் செய்தது அத்தான்தான். ஒருநாள் அந்த அண்ணன் இவரையே பார்த்து, "டிரைவர் சார், என் தம்பி வந்தா நான் தேடினேன்னு சொல்லுங்க" என்றாராம். அதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

சில வருடம் கழித்துப் புது மெஷின் வந்தது. கூடவே புது சாப்ட்வேர். பழையதை மூடுவதற்கு முன்னால் ஊர்சுற்றித் தலைகளைப் புதியதிலும் படுக்கவைத்தோம். புது மெஷின் வந்த வேலையில் எனக்கு நின்று மூச்சுவிட நேரமில்லை. அத்தானிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசாமல் அனுப்பினேன். வரவேற்பில் இருந்த புதுப்பெண், அவரும் நோயாளிதான் என்று நினைத்து, அளவு அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சுடி. அன்பா பேசறாரு."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தினமும் சாப்பிட்டதும் எதிரில் உட்காரவைத்து ஏதாவது சொல்கிறாராம். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா அவருடைய பஸ்ஸில்தான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவாள். அவள் ஓடிவருகிற வரைக்கும் அந்த பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கும். கியர் விழவில்லை என்பார் டிரைவர். உருப்படாத வண்டி என்று அக்கா இத்தனை வருடமும் அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். கியருக்கு ஒரு கேடும் இல்லை என்று இப்போது சொல்கிறாராம். எங்கள் அம்மா இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சக்காரர் என்று அக்கா சொல்லிக்காட்டுவாள். டெப்போவுக்குப் பின்னால், பழைய டயர்கள் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து அழுததைச் சொன்னாராம். அதைக் கேட்டதும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

அன்று மாலையே போனேன். அத்தான் வீட்டில் இருந்தார். பஸ் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். சுவரில் கல்யாண போட்டோ மட்டும் இருந்தது. மூளைப் படம் மேஜைமேல் கிடந்தது, பக்கத்தில் அந்தப் புதுத்தாள். ஞாபகத்துக்கு வேண்டிய ஒரு சின்னப் பகுதி உண்டு, சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதன் பழைய அளவிலிருந்து புதிய அளவைக் கழித்து, விடையைக் கட்டம் கட்டி வைத்திருந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் காணோம்.

எனக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, ஒரு பக்கம் எரிச்சல் வந்தது. இந்த இரண்டையும் கழிக்கக்கூடாது, அது வேறு மெஷின், வேறு சாப்ட்வேர், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைப் படுக்கவைத்தோம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். புது மெஷினில் எல்லாத் தலைகளுக்கும் குறைத்துத்தான் காட்டுகிறது என்றும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னைக்கு நீ என் முகத்தையே பாக்கல. தெரிஞ்சு மறைக்கறேன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "எல்லாருக்கும் குறையட்டும். எனக்கு மெஷினால குறைஞ்சது எவ்வளவு, நிஜமாவே குறைஞ்சது எவ்வளவு, சொல்லு. பஸ்ஸுல அத்தன உசிரு இருக்கு."

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் கிடையாது. பழைய மெஷினில் படுத்து, பழைய சாப்ட்வேரில் அளந்தால்தான் உண்டு. அந்த மெஷினையோ அந்த வாரமே நிறுத்திக் கழற்றப்போகிறார்கள்.

மறுநாள் பேராசிரியையிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று பயந்தேன். பழையதையும் புதியதையும் ஒட்டி ஒட்டி எடுத்த படம் ஆராய்ச்சிக்கும் உதவும், உடனே கூட்டிவா என்றார். அப்படித்தான் என் பழைய மெஷினில் கடைசியாகப் படுத்தவர் என் அத்தானாக ஆனார். அந்த மெஷினோடு எனக்குப் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அதன் சத்தத்தில் எது எப்போது மாறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அது கடகடவென்று அடிக்க அடிக்க நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மெஷினுக்காகவா மனிதருக்காகவா, தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அசையவே இல்லை.

பேராசிரியையே உட்கார்ந்து அளந்தார். அறைக்கு வெளியே பெஞ்சில் அத்தானும் அக்காவும். அக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

பேராசிரியை வெளியே வந்து, அதே மெஷின், அதே சாப்ட்வேர், முதல் வருட அளவும் இன்றைய அளவும் பாருங்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மயிரிழைதான் வித்தியாசம். வயதுக்கு உண்டான தேய்மானம், அவ்வளவுதான், நிம்மதியாக பஸ் ஓட்டுங்கள் என்றார். அத்தான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவரும் சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

அக்கா புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமென்ன. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபிறகு அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா, அதெல்லாம் எங்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். அத்தானுக்கு அது வராது.

"மாட்டேன்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான். என்னைப் பார்த்து, அந்தப் புது மெஷின் குறைத்துக் காட்டுகிறதே, அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கணக்குப் போட்டு சரிசெய்துவிடுவார்கள் என்றேன்.

"மெதுவா பண்ணச் சொல்லுடி" என்றாள்.