ஒயரக்கா பார்த்த சிவப்பு வண்டி

ஒயரக்காவை அந்த வட்டாரத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதை நெருங்கிய பெரியவர்கள்கூட கூச்சமே இல்லாமல் அக்கா என்பார்கள். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. முதலில் கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு, வண்டி நின்றுபோனவர்களுக்கு வயது மறந்துபோகும் என்று விட்டுவிட்டாள்.

வண்டிகளின் மின்சார வேலை அவள் பள்ளிக்கூடம் போய்ப் படித்ததல்ல. ஒரு சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லும் குறையை அட்டையில் எழுதுவதுதான் அவள் வேலையாக இருந்தது. "இழுக்குது", "முக்குது", "கிளம்பும்போது ஒரு மாதிரி இருக்கு" என்று அவர்கள் சொல்வார்கள். அதை அப்படியே எழுதுவாள். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு "பொதுவாகப் பார்க்கவும்" என்று எழுதுவார். மெக்கானிக்கும் பொதுவாகப் பார்ப்பான். மறுவாரம் அதே வண்டி அதே முக்கலோடு திரும்பி வந்து நிற்கும். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளைகளில் பட்டறைப் பக்கம் போய் நின்று ஒயர் வேலை முழுவதையும் கற்றுக்கொண்டாள்.

அங்கிருந்து அவள் கிளம்பியதும் ஒரு அட்டையால்தான். பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு வண்டிக்கு "குறை ஏதும் இல்லை" என்று எழுதச் சொன்னார் மேனேஜர். அவள் பேனாவை மூடி வைத்தாள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் தையல்காரர். ஏன் எதற்கு என்று கேட்காமல், அடுத்த இரண்டு நாளில் வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அதில் பதினோரு பாக்கெட்.

"பத்து சரி. பதினொண்ணாவது எதுக்கு?"

"என் போட்டோவை வெச்சுக்க."

அதில் அவள் பியூஸ் போட்டு வைத்தாள். மனுஷர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வம்பிழுப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளைக் கூப்பிட்டவர் பஸ்காரர். முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அவர் செய்த காரியம் ஊரையே வாயடைக்க வைத்தது. இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கிற, ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டார். பதினாறு வருடப் பழையதுதான். ஆனாலும் அது தெருவுக்குள் நுழைந்தால் கதவுகள் தானாகத் திறக்கும். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியது போதும், இனிமேல் ஏறுவதற்கே ஆளில்லாத வண்டி வேண்டும் என்பது அவர் கட்சி.

"ரெண்டு வாரமா ஸ்டார்ட் ஆகலை ஒயரக்கா. ரெண்டு மெக்கானிக் வந்து தலையைச் சொறிஞ்சுட்டுப் போய்ட்டாங்க. வித்துடலாம்னு வீட்டுல ஒரே பிடிவாதம். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பல் டாக்டர் வாங்கறதுக்கு வர்றார். நீங்க பார்த்து முடியாதுன்னு உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா நான் குடுத்துடறேன். அப்படித்தான் வீட்டுக்காரிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நாலு மணியா? தாராளமா இருக்கு அண்ணே" என்றாள் ஒயரக்கா. சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டியைப் பார்க்கும் முன் அப்படி யாருக்கும் அவள் நம்பிக்கை கொடுப்பதில்லை.

வீட்டையொட்டி இறக்கிய தகரக் கொட்டகையில், பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் துணி காயும் கொடி, காற்றுப்போன ஒரு சைக்கிள், அதன்மேல் மிதியடி. பஸ்காரர் போர்வையை உருவினார். ஒயரக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இந்த ரகத்தில் ஒன்றுக்குள் அவள் கைவிட்டதே இல்லை.

அங்கேதான் தப்பு நடந்தது. எந்தச் சாதாரண வண்டியாக இருந்தாலும் அவள் முதலில் சாவியைக் கையில் வாங்குவாள், திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், "இன்னொரு சாவி இருக்கா?" என்று கேட்பாள். அதன்பிறகுதான் பானெட்டே திறக்கும். இன்றைக்குச் சாவி ஏற்கெனவே வண்டியில் செருகியிருந்தது. சிவப்பு வேறு கண்ணைப் பறித்தது. நேராக இன்ஜினுக்குள் தலையைக் கொடுத்துவிட்டாள்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் கும்மென்று சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பேட்டரி நல்ல பேட்டரி. பெட்ரோல் பம்ப் ஓடுகிற சத்தம் பின்னாலிருந்து கேட்டது. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பொறி இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஊசிகளுக்கும் கரன்ட் வரவில்லை. அப்படியென்றால் இன்ஜின் சுற்றுவதை மூளைப்பெட்டிக்குச் சொல்கிற சென்சார்தான் செத்திருக்க வேண்டும் என்று, முதுகு ஒடிய வண்டிக்கடியில் படுத்து அதைக் கழற்றினாள். அது கல்லு மாதிரி நன்றாகத்தான் இருந்தது. மறுபடி மாட்டினாள். பியூஸ்கள், ரிலேக்கள், பாடியோடு சேர்கிற எர்த் ஒயர்கள் என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரைச் செருகினால் அது இந்த வண்டியோடு பேசவே மாட்டேன் என்றது. மணி ஒன்றரை. பதினோரு பாக்கெட்டும் காலியாகித் தரையில் பரவிக் கிடந்தன.

இத்தனைக்கும் நடுவில் பஸ்காரரின் மனைவி மூன்று தடவை ஜூஸ் கொண்டுவந்துவிட்டார்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்கம்மா. நாங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்க மாட்டோம்."

"என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க? இன்னும் பாதிகூடப் பார்க்கலை."

"பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போய்ட்டீங்க. அதுக்குச் சொன்னேன்."

ஒயரக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்காரர் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, குழந்தைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தார். "வருமா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். இரண்டு மணிக்குச் சாப்பிட உள்ளே போனார்.

தனியாக இருந்தபோது, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று சாவியை உருவிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டாள். போடும்போது பாக்கெட்டின் ஓர நூலில் சாவி மாட்டியது. இழுத்தாள். நூல் அறுந்தது. புருஷன் தைத்த தையல் அவ்வளவு லேசில் அறுகிற தையலே இல்லை. சாவியை வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் கோத்திருந்த தோல் பட்டை நைந்து கறுத்துக் கிடந்தது. ஆனால் பற்கள் கத்திபோலக் கூர்மையாக இருந்தன. பதினாறு வருடம் திருப்பிய சாவி வழவழவென்று தேய்ந்துபோயிருக்க வேண்டும். தலைப்பக்கத்தை எடைபார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லாத காலி பிளாஸ்டிக்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த ரக வண்டிகளில் சாவியின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். அது இல்லாத சாவி பூட்டைத் திருப்பும், ஸ்டார்ட்டரைச் சுற்றும், ஆனால் வண்டி அதைத் தன் சாவியாக ஏற்றுக்கொள்ளாது, இன்ஜினைப் பிடிக்கவிடாது. அதை எச்சரிக்கிற சின்ன விளக்கு எந்தக் காலத்திலோ பல்பு போய் அணைந்திருக்கிறது. நாலு மணி நேரமாக அவள் தேடின கோளாறு அவள் விரலில்தான் இருந்தது. இது தையல்காரர் காதுக்குப் போனால் ஆயுசுக்கும் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

யாரோ தெருமுனையில் சாவி வெட்டி, பழைய தோல் பட்டையை இதில் மாட்டியிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நாலாவது ஜூஸோடு வந்த பஸ்காரரின் மனைவி, அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்ததும் டம்ளரை அப்படியே பானெட்மேல் வைத்துவிட்டு நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"நல்ல சாவி எங்க அண்ணி?"

"பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுல." குரல் இறங்கிவிட்டது. "அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போன மாசம் என்னைப் பக்கத்துல உட்கார வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தார். பஸ் ஸ்டாப் வந்துச்சு. வண்டியை ஓரமா நிறுத்தினார். நிறுத்திட்டு அப்படியே உட்கார்ந்திருக்கார். ஆளுங்க ஏறட்டும்னு காத்துக்கிட்டு இருக்கார். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிட்டார். மறுவாரம் அதே மாதிரி இன்னொரு தடவை. நடு ரோட்டுல அப்படி ஆனா என்ன பண்றது? டாக்டர்கிட்டப் போகலாம்னா எதுக்குன்னு கேட்பார். நான் எதுக்குன்னு சொல்வேன்? என் வாயால அதை எப்படிச் சொல்வேன்? வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அவருக்கு வண்டிமேலதான் கோபம் வரும். அவர்மேலயே அவருக்குச் சந்தேகம் வராதுல்ல."

ஒயரக்கா சாவியைக் கையில் மூடிக்கொண்டாள். வண்டி தேறாது என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாலு மணிக்கு எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும், இந்த அம்மா ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் பஸ்காரர் இன்னொரு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அப்போதும் பஸ் ஸ்டாப் அங்கேயேதான் இருக்கும்.

"இல்லாத கோளாறை இருக்குன்னு என்னால சொல்ல முடியாது அண்ணி. அதுக்குத்தான் ஒரு வேலையையே விட்டேன். நான் கை கழுவப் போறேன். கிரீஸ் போக எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க."

கொல்லைக் குழாயடியில் நின்று அவள் கை கழுவினாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள். நகத்துக்கு நகம் தேய்த்தாள். கழுவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகும் தண்ணீரைத் திறந்தே விட்டாள். உள்ளேயிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு பாத்திரம்கூட விழவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பியபோது இருவரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நல்ல சாவி பஸ்காரர் கையில் இருந்தது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் நிறுத்தினது எனக்குத் தெரியும் ஒயரக்கா" என்றார் பஸ்காரர். "வண்டியை எடுத்தப்புறம்தான் உறைச்சுது. பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். இவ ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தா. நல்லவேளை, கவனிக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எந்தப் பக்கம் பார்க்கறதுன்னு எனக்குத் தெரியலைங்க" என்றார் மனைவி.

பஸ்காரர் வண்டிக்குள் மெதுவாக இறங்கி உட்கார்ந்து, நல்ல சாவியைப் போட்டுத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கொடியில் கிடந்த துணிகள் ஆடின. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். ஒயரக்காவும் கேட்டாள். அத்தனை அழகான சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

"அப்ப பல் டாக்டரை வர வேணாம்னு சொல்லிடட்டுமாங்க?" என்று கேட்டது அவர் மனைவிதான்.

"வரட்டும்" என்றார் பஸ்காரர். "ஸ்டார்ட் ஆகாத வண்டின்னு தள்ளிவிட இருந்தேன். இப்ப அப்படி இல்லை. ஓடுற வண்டியை நானே நிறுத்தினேன்னு இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினார்.