கார் பார்க்கிங்கில் கிடைத்த தாழி

நாங்கள் ஃபிளாட் வாங்கியது கழக்கூட்டத்துக்கு அப்பால், ஒரு செம்மண் மேட்டின் சரிவில். கையெழுத்துப் போட்டபோது அங்கே கட்டடம் இல்லை. மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் ஒன்றும் அதற்கு முன்னால் பெரிய விளம்பரப் பலகையும் இருந்தன. என் கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். அந்தப் படிகளில் ஏறி இறங்க எங்கள் முழங்கால்களால் முடியவில்லை. லிஃப்ட் உள்ள வீடு வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

என் கணவரின் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து அந்தச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்ய வந்தவர். கணவர் பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் திருவனந்தபுரத்தில்தான். ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு அவருக்குத் தாமிரபரணிப் பைத்தியம் பிடித்தது. அந்தக் கரையில் எங்காவது குழி தோண்டி ஒரு பானை ஓடு எடுத்தார்கள் என்று செய்தி வந்தால் எங்கள் வீட்டில் காபி ஆறிவிடும். வாசித்துக் காட்டாமல் குடிக்கமாட்டார். மகளுக்கு அனுப்புவார், பழைய வங்கி நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

கட்டடம் எழுவதற்கு முன்பே, அதில் குடியிருக்கப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழு எழுந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை யாரோ ஒருவர், குடும்பத்தோடு வேலையைப் பார்க்கப் போனவர், அதில் ஒரு படம் போட்டார். ஜேசிபி வெட்டிய செம்மண் சுவர். அதன் நடுவே வட்டமாக, கருஞ்சிவப்பாக, ஒரு பெரிய பானையின் வாய். எங்கள் கார் பார்க்கிங் வரவேண்டிய இடம் அது. "இது எந்தா?" என்று கீழே கேட்டிருந்தார்.

முதலில் பதில் எழுதியவர் டீச்சர். அவர் அரசுப் பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவர். எங்களுக்கு மேல்தளத்தில் ஃபிளாட் எடுத்தவர். வடக்கே அவர் ஊரில் கிணறு தோண்டும்போது இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாராம். "நன்னங்காடி" என்று ஒரே வார்த்தை எழுதினார்.

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "முதுமக்கள் தாழி! நம்ம இடத்துல! கேட்டியா?" எல்லாரும் மலையாளத்தை ஆங்கில எழுத்தில் தட்டும் அந்தக் குழுவில், அவர் தமிழில் நீளமாக எழுதினார். இறந்தவர்களைப் புதைக்கும் தாழி இது, ஆதித் தமிழர் வழக்கம், மிகப் பழையது என்று. யாரோ மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்தார். அதோடு சண்டை தொடங்கியது.

இது கேரளத்தின் புராதனம், இதில் தமிழர் எங்கே வந்தார்கள் என்றார் ஒருவர். அந்தக் காலத்தில் இங்கே மலையாளமே கிடையாதே என்று இன்னொரு மலையாளியே எழுதினார். அப்படியானால் முல்லைப் பெரியாறு அணையையும் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார் மூன்றாமவர். அணை எப்படி இதில் வந்தது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒரு பெண்மணி, பிணம் புதைத்த இடத்தில் பால் காய்ச்சுவது எப்படி, பரிகாரம் உண்டா என்று கேட்டார்.

மறுநாள் கட்டட நிறுவனத்தின் மேனேஜர் குரல்பதிவு ஒன்று போட்டார். மிகவும் பணிவான குரல். அது ஏதோ பழைய தண்ணீர்ப் பானை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் படம் வெளியே போய் தொல்லியல் டிபார்ட்மெண்ட் ஆட்கள் வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லி ஸ்டாப் மெமோ கொடுப்பார்கள், அப்புறம் சாவி எப்போது கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. தயவுசெய்து படத்தை நீக்கிவிடுங்கள்.

படம் போனது. சரித்திரமும் அணையும் அதோடு போயின. வரிசையாகக் கட்டைவிரல் குறிகள் வந்தன. அதில் ஒன்று என் கணவருடையது.

"நீங்களுமா?" என்று கேட்டேன்.

"பின்னே என்ன செய்யச் சொல்லுதே? வேலை நின்னா எப்போ தீரும்? அடுத்த மழைக்கும் இந்தப் படிக்கட்டுதானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "தாழி ஊரெல்லாம் கிடக்கு. ஒண்ணு போனா சரித்திரம் குறைஞ்சிராது" என்றார். அன்று செய்தி எதையும் அவர் வாசித்துக் காட்டவில்லை.

சனிக்கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "சேச்சி, ஒண்ணு போயி பார்த்தாலோ?" எனக்குச் சரித்திரத்தில் பெரிய பற்று ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் இடத்தை நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. டீச்சரின் காரில் போனோம்.

படத்தில் இருந்த தாழி அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரிது. வாய்க்குக் கீழே கயிறு சுற்றியது போல ஒரு வளையம், அதில் விரல் அழுத்திய தடங்கள். ஆனால் அதற்கு அப்பால் இன்னொன்று இருந்திருக்கிறது. அது உடைந்து, துண்டுகள் மண்ணோடு மண்ணாகக் குவிந்து கிடந்தன. குவியலை ஜேசிபி அள்ளி டிப்பர் லாரியில் போட்டுக்கொண்டிருந்தது. குவியலின் ஓரத்தில் உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கலயம் ஒன்று; உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பக்கத்தில் சாக்பீஸ் பொடிந்தது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ சிதறியிருந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தார். "எலும்பாணு, சேச்சி" என்றார்.

லாரி டிரைவரிடம் இந்த மண் எங்கே போகிறது என்று கேட்டேன். ஏதோ வயலைத் தூர்க்க என்றார். சாயங்காலத்துக்குள் இன்னும் சில லோடு உண்டு என்றும் சொன்னார்.

அதற்கு முந்தைய வருஷம்தான் என் அம்மா இறந்திருந்தாள். தைக்காட்டு மின்மயானத்தில் மறுநாள் காலையில் எலும்பு பொறுக்கி ஒரு சின்ன மண்கலயத்தில் அஸ்தியைக் கொடுத்தார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் கணவர்தான் காரியம் செய்தார். திருவல்லத்தில் ஆற்றில் விடும் முன்பு நானும் கலயத்துக்குள் கைவிட்டேன். அந்த எலும்புக்கு எடையே இல்லை. விரலில் வெள்ளையாக ஒட்டியது. அதைக் கழுவுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை விரித்துக்கொண்டே நின்றேன்.

லாரி புறப்பட்டுப் போனது. டீச்சரும் நானும் காருக்குத் திரும்பினோம்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அலுவலகத்திலிருந்து தொல்லியல் துறைக்கு ஃபோன் செய்தேன். என் பெயர், இடம், பார்த்தது எல்லாம் சொன்னேன். ஒரு பெண் எடுத்தாள். "நாளைக்கே வரேன், மேடம்" என்றாள். பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் புளிசேரிக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"யாருக்கிட்டயும் சொல்லாதே. நான் ஃபோன் விளிச்சேன்னு இருக்கட்டும்."

"ஏன்?"

"உன் ஆபீஸ்காரங்க ரெண்டு மூணு பேரு அந்த குரூப்புல உண்டு. நீ அங்க இன்னும் வேலை பார்க்கணும். எனக்கு என்ன?" மறுபடி நறுக்கத் தொடங்கினார். "பின்னே, நான்தானே விளிச்சிருக்கணும்."

துறையிலிருந்து வந்தார்கள். வேலை நின்றது. குழுவில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்ற கேள்விக்கு என் கணவர் "நான்" என்று எழுதினார். அதன் பிறகு வந்தவற்றை அவர் எனக்குக் காட்டவில்லை. நானே என் ஃபோனில் பார்த்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: அந்தப் பாண்டிக்கு இந்த இடத்தைத் தமிழ்நாடு ஆக்கவேண்டும், அதற்கு நம் வீடு முடங்க வேண்டும். சற்று நேரத்தில் என் கணவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் பாண்டி என்ற சொல்லை அவர் முதல்முறையாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில், வங்கியில், பஸ்ஸில் கேட்டதுதான். சிரித்துக்கொண்டே போய்விடுவார். அன்று சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "எங்க அப்பா பிறந்ததே இங்கதான். நான் எந்தப் பாண்டி?" என்றார். என்னைக் கேட்ட மாதிரியும் இல்லை.

எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. ஃபோனை எடுத்து மலையாளத்தில் குரல்பதிவு போட்டேன். விளித்தது நான், என் கணவர் அல்ல. தமிழும் மலையாளமும் எனக்குப் பொருட்டில்லை. யாரோ அவர்கள் வீட்டு ஆளை அடக்கம் செய்த எலும்பு லாரியில் போவதைப் பார்த்தேன், அதனால் விளித்தேன். உங்களுக்குக் கோபம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

கணவர் திரும்பி, "என்ன காரியம் செஞ்ச நீ!" என்றார்.

பிறகு டீச்சர் எழுதினார்: நானும் கூட இருந்தேன், விளிக்காதது என் தவறு. அதற்குப் பிறகும் சிலர் முனகினார்கள். ஆனால் அந்தச் சொல் மறுபடி வரவில்லை. இரண்டு மூன்று நாளில் யாரோ என் கணவரைத் திரும்பச் சேர்த்தார்கள். யார் என்று அவர் கேட்கவில்லை.

தோண்டும் வேலை தொடங்கியதும் அவர் தினமும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பஸ் ஏறிப் போனார். விடுமுறை நாளில் நானும் போவேன். அன்று நான் கூப்பிட்டபோது ஃபோனை எடுத்த பெண்தான் அங்கே பொறுப்பு. எங்கள் மகள் வயது இருக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, குழிக்குள் இறங்கித் தூரிகையால் மண்ணைத் தள்ளுவாள். ஃபிளாட்காரர்களும் குடும்பம் குடும்பமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். பரிகாரம் கேட்ட பெண்மணி ஒரு ஊதுபத்தி கொண்டுவந்து மேட்டில் ஏற்றிவிட்டுப் போனார்.

ஒருநாள் என் கணவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "மோளே, உள்ளதைச் சொல்லு. இவங்க தமிழங்கதானே?"

அவள் நிமிர்ந்தாள். நாகர்கோவிலில் படித்தவள், தமிழ் நன்றாகவே பேசுவாள். "சார், நேத்து ஒருத்தர் வந்து, இவங்க மலையாளிகள்தானேன்னு கேட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். இந்தப் பானையில எழுத்து ஒண்ணும் இல்ல. என்ன பாஷை பேசினாங்கன்னு இதை வச்சு நான் எப்படிச் சொல்ல? இரும்பு தெரிஞ்சவங்க. பானை நல்லா வனைஞ்சிருக்காங்க. வேற எங்கேயோ உடம்பை வச்சு, பிறகு எலும்பு கொஞ்சம் பெறுக்கி எடுத்து இதுல போட்டிருக்கலாம்னு தோணுது. அவ்வளவுதான் இப்போ தெரியும்."

"பெறுக்கி எடுத்து" என்று அவள் சொன்னபோது கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தச் செம்மண்ணில் எலும்பு அதிக நாள் நிற்காது, கிடைத்த வரைக்கும் அதிர்ஷ்டம் என்று அவளே சொன்னாள். டீச்சர் அதற்குக் காரணம் மண்ணின் அமிலம் என்று ஆரம்பித்து ஒரு சிறிய வகுப்பே எடுத்தார்.

எல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு யூடியூப்காரரும், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சானல்காரரும் என் கணவரைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். ஒருவருக்குத் தமிழர் நாகரிகம் என்று சொல்லவேண்டும். மற்றவருக்கு அதை மறுத்துச் சொல்லவேண்டும். அவர் சட்டை மாற்றிக்கொண்டு இரண்டு பேரிடமும் அந்தப் பெண் சொன்னதையே சொன்னார். இரண்டுமே வெளிவரவில்லை. நல்ல சட்டை வீணாயிற்று என்றார்.

தாழிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை மறுபடி தொடங்கியது. மேனேஜர் பயமுறுத்திய அளவுக்குத் தாமதமாகவில்லை. தாமதத்துக்கு அப்புறம் வேறு காரணங்கள் வந்தன. விற்காமல் கிடந்த ஃபிளாட்டுகளுக்குப் புதிய விளம்பரம் அச்சடித்தார்கள். அதில் நீலவானத்துக்குக் கீழே எங்கள் தாழி இருந்தது, பக்கத்தில் 'ஹெரிடேஜ் லிவிங்' என்று எழுதியிருந்தது. பணிவான குரல் மேனேஜர் வருகிறவர்களைத் தாழி கிடந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். டீச்சர் அந்த விளம்பரத்தைக் குழுவில் போட்டு ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்தார்.

குடியேறிய பிறகு அசோசியேஷன் கூட்டத்தில், பார்க்கிங் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை வைப்பது என்று முடிவானது. என்ன எழுதுவது என்பதற்கே பல கூட்டங்கள் ஆயின. நன்னங்காடியா, முதுமக்கள் தாழியா? தமிழ் எழுத்தும் வேண்டும் என்றார் என் கணவர். வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். கடைசியில் டீச்சர் ஒரு வழி சொன்னார். நன்னங்காடி என்று மேலே, முதுமக்கள் தாழி என்று கீழே. இரண்டும் மலையாள எழுத்தில். கணவருக்கு அது முழு சம்மதம் இல்லை. ஆனாலும் கை தூக்கினார்.

பலகை வந்த அன்று டீச்சர் பார்க்கிங்கில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் 'ழி'க்குப் பதிலாக 'ளி' போட்டுவிட்டான். மலையாளத்தில் தாளி என்றால் செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் விழுது. "முதுமக்கள் ஷாம்பூ ஆயிப்போச்சே, சாரே!" என்றார். வாட்ச்மேனும் சிரித்தார். முதன்முதலில் தாழியின் படத்தைக் குழுவில் போட்டு, மேனேஜர் சொன்னதும் நீக்கியவரும் சிரித்தார்.

என் கணவர் சிரிக்கவில்லை. அன்றே பெயிண்டரைத் தேடிப் பிடித்து, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்று எழுத்தைத் திருத்தி எழுதவைத்தார். பழைய எழுத்தின் வால் இன்னும் லேசாகத் தெரிகிறது. பலகைக்கு முன்னால் இரண்டாவது தளத்துக்காரர் வெள்ளைக் கார் ஒன்றை நிறுத்துகிறார்; பாதி மறைந்துவிடுகிறது. நகர்த்தச் சொல்லி இவர் குழுவில் எழுதியிருக்கிறார். கார்க்காரர் கட்டைவிரல் மட்டும் போட்டிருக்கிறார்.