மடியேந்தாத அம்மா

தொண்ணூறுகளில் உத்திரமேரூர்ப் பக்கம் எங்கே பாரதக் கூத்து நடந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரு தறிக்காரத் தம்பதி சைக்கிளில் வந்துவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், விரலெல்லாம் சாயக்கறை. பிள்ளை இல்லை.

அர்ச்சுனன் தபசுக் கட்டத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே தபசுக் கம்பத்தில் ஏறி, அதன் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் கீழே மடியேந்துவார்கள். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மேலேயே பார்ப்பாள்.

ஒருமுறை பழம் என் மடியில் விழுந்தது. கூச்சத்தை விட்டு அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு இன்னாத்துக்குக்கா? பின்னால ஒரு பொண்ணு அழுதுகினு கீது, அதுக்குக் குடு. மேல கீறவரு பாட்டுல ரெண்டடி முழுங்கிட்டாரு, கவனிச்சியா?"

"மூணு," என்றார் புருஷன்.

பழத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இவர்களுக்கு ஒரு பிள்ளை கொடு என்று அம்மனிடம் வருஷா வருஷம் கேட்டுவந்ததை அன்றோடு நிறுத்தினேன். அப்படி நிறுத்தியது சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.