சாக்குப் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் குடும்பத்தில் கோபம் பரம்பரைச் சொத்து. அண்ணைக்கு முக்கால் பங்கு, எனக்குக் கால் பங்கு. 2009ஆம் ஆண்டு ஜூலையில் அவர் என்னோடு பேசாமல் விட்டு இரண்டு வருடம் முடிந்திருந்தது.

பிழை என்னுடையதுதான். பதினைந்து வருடம் பிரான்சில் அவருக்குப் பக்கத்து வீதியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறினேன். சொன்னால் சத்தம் போடுவார் என்று பயந்து, வால்தம்ஸ்டோவில் கடை எடுத்துக் கையெழுத்து வைக்கும்வரை அவருக்கு மூச்சு விடவில்லை. அவர் வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார். அன்றோடு கதை நின்றது. ஊரில் போர் முடிந்த அந்த மே மாதத்தில்கூட என் மனைவியோடுதான் பேசினார். நான் எடுத்தால், 'பிள்ளையிட்டைக் குடு' என்பார்; பிள்ளை என்றால் அவருக்கு என் மனைவி. போரின் கடைசி மூன்று நாளும் நான் பக்கத்தில் நின்று அவருடைய குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரான்சில் இருந்த காலத்தில், நாட்டைச் சுற்றி வரும் அந்தப் பெரிய சைக்கிள் ஓட்டம் எந்த மலை உச்சியில் முடிகிறதோ, அந்த மலைக்கு முதல்நாளே வான் வண்டியில் போய்விடுவோம். எல்லோரும் முதலில் வருகிறவனுக்குக் கத்துவார்கள். அண்ணை கடைசியாக வருகிறவனுக்குத் தேங்காய் அடிப்பார். "முதல் ஆளுக்குச் சனம் இருக்கு, கடைசி ஆளுக்குப் பிள்ளையார்தான் இருக்கிறார்" என்பது அவருடைய நியாயம்.

முதல் வருடம் தேர்த் திருவிழா என்ற நினைப்பில் தார் வீதியின் நடுவில் ஓங்கி அடித்துவிட்டார். சிரட்டைத் துண்டுகள் வீதியெங்கும் பறந்தன. பொலிஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். சைக்கிள்கள் வரக் கால் மணித்தியாலம்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணையும் நானும் முழங்காலில் நின்று துண்டு பொறுக்கினோம். பக்கத்தில் நின்ற பெல்ஜியத்துக்காரர் ஒருவர் தானும் குனிந்து பொறுக்கினார், பொறுக்கியதில் பாதியைத் தின்றார். அந்த மனிதர் அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் எங்கள் வானைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் தன் மடக்குக் கதிரையை விரிப்பார். எங்கள் மீன் ரோல்ஸில் அவருக்கு ஒரு கண்.

அடுத்த வருடம் ஒரு வழி கண்டுபிடித்தோம். சாக்குக்குள் ஒரு கல். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடிப்பேன், அண்ணை உள்ளே குறிபார்த்து அடிப்பார். அடிப்பது சுலபம், பிடிப்பதுதான் வித்தை. காலை அகட்டி நிற்க வேண்டும், முகத்தைப் பின்னால் எடுக்க வேண்டும், கண்ணை மட்டும் மூடவே கூடாது. ஒருமுறை மூடினேன். தேங்காய் என் முழங்காலில் உடைந்தது.

அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை, கடையில் ஃபிரீசருக்கு மேலிருந்த டிவியில் மலை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை அங்கே போயிருக்கிறார் என்று மனைவி சொல்லியிருந்தாள். நான் கறிவேப்பிலை நிறுத்தபடி ஒரு கண்ணால் அவரைத் தேடினேன். சனிக்கிழமை தவறாமல் வரும் கோயம்புத்தூர் இன்ஜினியர் தம்பியும் கூடையோடு நின்று பார்த்தார். அவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும்.

"இவ்ளோ பேர் குறுக்க நின்னா அவன் எப்படிங்கண்ணா ஓட்டுவான்?" என்றார்.

"கடைசி நேரத்திலை விலத்துவினம், தம்பி. அதுதான் அதின்ரை வடிவு" என்றாள் மனைவி.

முன்னால் வந்தவன் உச்சிக்குக் கீழே கடைசி வளைவில் திரும்பினான். கொடிகள், தண்ணீர், கூடவே ஓடும் கால்கள். அவற்றுக்கு நடுவில் வெள்ளை வேட்டியோடு அண்ணை. வலது கையில் தேங்காய். இடது கையில் மடித்த சாக்கு. இரண்டு விநாடிதான், பிறகு காணவில்லை. என் கண் முதலில் போனது சாக்கில்தான்.

"போனை எடுங்கோ" என்றாள் மனைவி.

"என்ரை நம்பரைக் கண்டால் கட் பண்ணிப்போடுவார்."

"கட் பண்ணினால் திருப்பி அடியுங்கோ."

கட் பண்ணினார். திருப்பி அடித்தேன்.

"என்ன?" என்றார். பின்னால் மலையே இரைந்தது.

"சாக்குக் கொண்டு வந்திருக்கிறீங்கள், அண்ணை."

"கொண்டு வந்து என்ன செய்ய? பிடிக்க ஆளில்லை. அதுதான் போன வருசம் வரவேயில்லை."

"நான் சொல்லாமல் வந்தது பிழை, அண்ணை" என்றேன்.

"அதைப் பிறகு கதைப்பம். இப்ப கடைசி ஆள் வரப்போறான்" என்றார்.

"பெல்ஜியத்துக்காரர் நிக்கிறாரோ?"

"நிக்கிறார். உன்னைத்தான் கேட்டவர்."

"போனை அவரிட்டைக் குடுங்கோ."

என் பிரெஞ்சு இரண்டு வருடத் துருவோடு வந்தது. காலை அகட்டுங்கள், வாயை நன்றாக விரியுங்கள், சாக்கின் வாயை, உங்களுடையதை அல்ல. வெறும் அரிசிப் பை ஒன்றை எடுத்து, கடை நடுவில் காலை அகட்டி நின்று பிடித்துக் காட்டினேன். இன்ஜினியர் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன்ல இருக்கறவருக்கு இது எப்படிண்ணா தெரியும்?"

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். கடையில் நின்ற எல்லோரும் சுற்றி வந்து குனிந்தார்கள். விசில் சத்தம் கீழேயிருந்து மேலே வருவது தெளிவாகக் கேட்டது. பெல்ஜியத்துக்காரர் ஏதோ கத்தினார். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு வருடமாக நான் கேட்காத சத்தம்.

கடையில் கைதட்டல் எழுந்தது. எதற்கென்று தெரியாமலே இன்ஜினியர் தம்பியும் தட்டினார். நான் சிரித்தேன், அழுதேன், அரிசிப் பையால் முகத்தைத் துடைத்தேன்.

"ஆமா, யாருண்ணா ஜெயிச்சது?" என்று கேட்டார் அவர். நான் கவனிக்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணை மறுபடி போனுக்கு வந்தார். ஓடிவந்தவர்போல மூச்சு வாங்கினார்.

"நல்லாச் சிதறீட்டுதடா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் இந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டெல்லோ பிடிக்கிறான். வாற வருசம் நீ வந்து பிடி."