நல்ல நேரத்தில் அமத்திய டர்போ விளக்கு

எனக்கு டைப் அடிக்கத் தெரியும், அடங்கிப் போகத் தெரியாது. எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல வேலை பார்த்த நான், அங்க எழுத்து வேலைக்கெல்லாம் மேலாளா இருந்த பெரிய கிளாக்கரோட மல்லுக்கட்டிட்டு வெளியே வந்து, மாத்தளை டவுன்ல எங்க வீட்டு முன்னறையில கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினேன். மாமியாருக்கு இதுல துளியும் இஷ்டமில்ல. "தொறக்கிற அன்னிக்கு ஒரு புள்ளையாவது சேரணும். இல்லாட்டி அந்தக் கம்ப்யூட்டர் மிஷினத் திருப்பி அனுப்பிட்டு, கிளாக்கர் கால்ல போய் விழு"ன்னுட்டாங்க. நானும் சவடாலா சரின்னுட்டேன்.

வாங்கினது அசல் கம்பெனி மிஷின் இல்ல, அதே மாதிரி வேற ஆளுங்க செஞ்சது. விலை குறைவு, வேகம் கூட. முன்பக்கம் 'டர்போ'ன்னு ஒரு பொத்தான். அழுத்தினா பக்கத்துல சின்னதா ஒரு பச்சை விளக்கு எரியும், மிஷின் பறக்கும். மறுபடி அழுத்தினா விளக்கும் போகும், வேகமும் போகும்.

எண்பதுகளோட கடைசி அது. ஊரடங்கு போட்டா வீடு, எடுத்தா கடைத்தெரு. அப்படி எடுத்திருந்த ஒரு காலையில நல்ல நேரம் பார்த்து மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வச்சோம். மாமியே தன் கையால டர்போவை அழுத்தி விளக்கேத்தினாங்க. அம்மாமாரும் பொம்பளப் புள்ளைங்களுமா அறை நெறஞ்சிருந்துச்சு. நான் டைப் பழக்குற புரோகிராமைப் போட்டேன். எழுத்து ஒவ்வொண்ணா மேலேருந்து இறங்கும். தரையைத் தொடுறதுக்குள்ள அதே எழுத்தை அடிக்கணும்.

இறங்கவா செஞ்சுச்சு? ஆலங்கட்டி மழைதான்! ஒரு பொண்ணு விரலை வைக்கிறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிருச்சு. நான் உட்கார்ந்தேன், எனக்கும் அதே கதி. "மிஷின் பழுதோ என்னமோ"ன்னு அவ அம்மா எழுந்து செருப்பைத் தேடினாங்க.

கண்டியில நான் பழகின அசல் மிஷின்ல இதே புரோகிராம் சாவகாசமா ஓடினது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அட, பழுதெல்லாம் இல்ல! அந்த மிஷினோட நடைக்குன்னு எழுதின புரோகிராம் இது. இந்தப் புதுசு ஓடுற ஓட்டத்துக்கு அதுவும் சேர்ந்து ஓடுது. டர்போவை அமத்தி வேகத்தைக் குறைச்சாப் போதும்னு கையை நீட்டினேன்.

"அடிப்பாவி! நல்ல நேரத்துல வெளக்க அணைக்கப் போறியா?" மாமி என் கையைப் பிடிச்சுட்டாங்க.

"இந்த வெளக்கு எரிஞ்சா என் வகுப்பு அணைஞ்சிரும் மாமி!"ன்னு கையை உதறிட்டு அழுத்தினேன். விளக்கு போச்சு. அறையே "ஐயையோ"ன்னுச்சு. ஆனா எழுத்து மெல்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இறங்குச்சு. அதே பொண்ணு உட்கார்ந்து ஒண்ணையும் தரையைத் தொட விடல. செருப்பைத் தேடின அம்மாதான் முதல்ல, "என் மகளை எழுதிக்குங்க டீச்சர்"ன்னாங்க. எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு.

மாமி விட்டுக் கொடுக்கல. தினமும் வகுப்புக்கு முந்தி வந்து டர்போவை அழுத்தி, விளக்கைக் கும்பிட்டுட்டுத்தான் போவாங்க. அவங்க தலை மறைஞ்சதும் நான் அமத்துவேன்.

ஒரு நாள் காய்ச்சல்ல பிந்தி எழுந்து, டர்போ எரிஞ்சுக்கிட்டே இருக்கும், போச்சுடான்னு முன்னறைக்கு ஓடினேன். புள்ளைங்க முறை வச்சு அமைதியா அடிச்சுக்கிட்டிருந்துச்சுங்க. விளக்கு எரியல. மாமி மிஷின் பக்கத்துலயே நின்னாங்க.

"கும்பிட்டுட்டு நானே அமத்திட்டேன். நீ போய்ப் படு"ன்னாங்க.