பேர் சொல்லாத வேர்

முதலில் வலது மணிக்கட்டுதான் வீங்கியது. பானை மூடியைத் தூக்க முடியவில்லை. பிறகு விரல்கள், முழங்கால்கள். கீல்வாதம் (மூட்டுகளில் நீர் கோத்து வீங்கும் நோய்) என்றார் சேரன்மகாதேவி வைத்தியர். உங்களில் யாருக்காவது இந்த வலி இருந்தால் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

வைத்தியர் பொல்லாதவர் அல்லர். மருந்தில் சேரும் வேரின் பேரை வெளியே விடுவதில்லை என்று குருவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர். நாங்களும் கேட்பதில்லை, கேட்டால் மரியாதையில்லை. அவர் பொட்டலம் கட்டித் தந்த வேர்ச் சூரணத்தைத் தேனில் குழைத்துத் தின்றேன். வீக்கம் வடிந்தது. ஆற்றில் இறங்கி என் புடவையை நானே அலசினேன்.

அடுத்த பொட்டலம் தின்ற அன்றே தொண்டை எரிந்தது. வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. வண்டி கட்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"என்ன வேர்? தெரிந்தால்தான் மாற்று மருந்து பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் போய் வைத்தியரையே கூட்டி வந்துவிட்டார்.

"பேரைச் சொல்லும் வே!"

"சொன்னா மருந்து செத்துப்போகும் அண்ணாச்சி."

"இங்கன இவ செத்துக்கிட்டிருக்கா. மருந்து செத்தா நான் கொள்ளி வைக்கேன், சொல்லும்!"

வைத்தியருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் மருந்தையா விஷம்ங்கீரு? இந்தா, நானே திங்கேன், பாரும்." மடியிலிருந்த அதே சூரணத்தை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

பொழுது சாயுமுன் அவருக்கும் பேதி கண்டது. டாக்டரும் அவரிடம் கெஞ்சினாராம். "மலையிலேருந்து புது ஆளு கொண்டாந்த வேரு" என்றதற்கு மேல் வைத்தியர் வாய் திறக்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

"இதையெல்லாம் கேக்க சர்க்கார்ல ஆளில்லையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சாராயத்துக்கும் அபினிக்கும் லைசென்ஸ் உண்டு. வேருக்கு இல்லை" என்றார் டாக்டர்.

நான் பிழைத்தேன். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. விரல்களும் முழங்காலுக்குக் கீழும் மரத்துப்போயின. நரம்பு பட்டுப்போனது, இனித் திரும்பாது என்றார்கள்.

இப்போது வைத்தியர் மகன் பொட்டலம் கட்டுகிறான். வெளி ஆண்பிள்ளையிடம் நானாக வாய் திறந்து கேட்டது அவனிடம், அந்த ஒரு தடவைதான்.

"அது என்ன வேருப்பா?"

"அய்யா எங்கிட்டயும் சொல்லலியே அத்தை. வாடை பாத்துத்தான் எடுக்கேன்."

அவன் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். நீங்களும் கேளுங்கள். பதில் வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

வலி இருந்தபோது விடிந்தால் விரலில் தெரியும், பொழுது அடைந்தால் முழங்காலில் தெரியும். இப்போது பொழுது என் மேல் படாமலே போகிறது. ஆற்றுப்படியில் நின்றால், தண்ணீர் காலைத் தொட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.